உப்புப் போட்ட ஐஸில் ஒரு தசைத்துண்டு

நான் ஒரு முட்டாள். தன்னடக்கத்தில் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம், ஆதாரத்தோடு சொல்கிறேன். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்து இழுப்பறையில், இரண்டு விரல் அகலக் கண்ணாடித் துண்டொன்றில், என் முட்டாள்தனம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிப் பத்திரப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு அதை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டுகிறார்களாம். எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்குக் காணி கொடுத்த மனிதருடைய நினைவுகூட இவ்வளவு ஒழுங்காகப் பேணப்படவில்லை.

அந்தக் கண்ணாடித் துண்டில் இருப்பது என் மனைவியின் தொடைத் தசை. அதை நாசமாக்கியது நான்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், முட்டாள்தனம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு மீனும் இறாலும் நண்டும் ஏற்றிப் போகும் லொறி ஒன்று வைத்திருக்கிறேன். மீன்பிடி ஊரில் பிறந்தும் தோணியில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற ஆள் நான். ஆகவே கரைக்கு வந்த மீனின் மரியாதையைக் காப்பாற்றுவதே என் பிழைப்பு என்றாகிவிட்டது. எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

யுத்த காலத்தில் இந்தக் கல்விக்கு இன்னொரு பாடம் சேர்ந்தது. கொழும்புப் பாதையில் சோதனைச் சாவடிகள். பெட்டியை இறக்கு, மூடியைத் திற, மீனைக் கிளறிக் காட்டு. பாரை மீனின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்த சிப்பாயையும் கண்டிருக்கிறேன். பாரைக்கு அவமானமாக இருந்திருக்கும். இதெல்லாம் முடிவதற்குள் வெயிலில் ஐஸ் பாதி தண்ணீராகிவிடும். அதனால் லொறிக்காரர் எல்லாரும் நொறுக்கிய ஐஸில் கல்லுப்பைக் கலந்து போடப் பழகினோம். உப்புப் பட்ட ஐஸ் சும்மா ஐஸைவிடப் பல மடங்கு கடுமையாகக் குளிரும். மீன் மேல்தோல் கொஞ்சம் உறைந்தாலும் நகரத்துச் சந்தையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உப்புக்கு எங்களுக்கு எங்கே பஞ்சம்? வீட்டை விட்டு வெளிக்கிட்டால் உப்பளத்தின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பிறகு யுத்தம் முடிந்தது. சாவடிகள் இருந்த இடத்தில் இளநீர்க் கடைகள் வந்தன. யுத்தம் முடிந்துபோனது என் தலைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

இனி மனைவி.

கண்டக்குழிப் பக்கம் கடலில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் பறக்கிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று உண்டு. அதற்குக் காலைச் சாப்பாடு என் மனைவியின் கைவேலை. இடியப்பம், சொதி, சம்பல். ஒருநாள் காலை இடியப்ப உரலை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அமத்த ஏலாம ஈக்கு," என்றாள்.

"மாவு இறுகிட்டா? இல்லாட்டி என்னோட கோவமா?"

"ஒங்களோட கோவமெண்டா ஒரல் ரெண்டாப் போயிருக்கும்."

நான் சிரித்தேன். உரலை வாங்கி நானே பிழிந்தேன். என் இடியப்பம் சிக்கெடுத்த நைலோன் வலை மாதிரி வந்தது. அதை நாங்களே சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பகடிக்குக் குறைவில்லாத காலம். அவள் அலுமாரியின் மேல்தட்டில் இருப்பதை எடுக்க என்னைக் கூப்பிடுவாள். "ராணிக்கு வேலைக்காரன் வந்தான்" என்று சலாம் போடுவேன். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு தலைவாருவாள். "சுவருக்கும் சேத்து வாரிவிடு" என்பேன். கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடிப்பாள். "மேசை பாவம்" என்பேன். ஒரு மனுஷியின் உடம்பு கண்முன்னால் கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு வருகிறது, நான் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பகடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், லொறியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அவள் தொழுகைப் பாயில் நெற்றியை வைத்து சுஜூதில் இருந்தாள். நான் கைகால் கழுவினேன். பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் இன்னும் சுஜூதில். தொழுகிற ஆளோடு கதைக்கக் கூடாது என்பதுகூட என் வாய்க்கு நினைவு வரவில்லை.

"போதும் புள்ள, எனக்காக இவ்வளவு துஆக் கேட்டா அல்லாஹ்வுக்கே அலுத்துப் பொய்த்திரும். எழும்பு."

பாய்க்குள்ளேயே போகிற குரலில் பதில் வந்தது.

"எழும்ப ஏலா."

இரண்டே சொல். பிளேன்டீக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். நெற்றியில் பாயின் வரி பதிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பகடி ஒன்றும் வரவில்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டர் இளம் ஆள், எங்கள் ஆள்தான். கைகளைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார், அவளால் முடியவில்லை. கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார், தோளோடு நின்றுவிட்டன. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசை உடைந்தால் அதிலிருந்து இரத்தத்துக்குள் ஒழுகும் ஒரு பொருள் இருக்கிறதாம், அது அவளுக்கு மிதமிஞ்சி இருந்தது.

"வீட்டில வேற யாருக்கும் இப்படி வந்தீக்கா?" என்று டொக்டர் கேட்டார்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். வந்திருந்தது. அவளுடைய தாய்மாமா. வாலிபத்திலேயே கால் சோர்ந்து, பிறகு கை சோர்ந்து, கடைசிவரை ஒரே கதிரையில் இருந்து மௌத்தானவர். ஊரில் அவருக்குக் கதிரை மாமா என்றே பேர்.

டொக்டர் பேனையை வைத்தார். "ரெண்டு வழி ஈக்கு. ஒண்டு, பரம்பரையா வாற தசைத் தேய்வு. அதுக்கு இப்போதைக்கு மருந்தில்ல. மற்றது, ஒடம்புக்குள்ள ஈக்கிற காவல்காரங்க புத்தி மாறி சொந்தத் தசையவே அடிக்கிறது. அழற்சி எண்டு செல்லுவம். அதுக்கு மருந்து ஈக்கு. ஆனா பொல்லாத மருந்து. எலும்பு, சீனி, பிரஷர் எல்லாத்தையும் கிண்டிவிடும். எது எண்டு தெரியாம நான் அதக் குடுக்க மாட்டன்."

"எப்பிடித் தெரிஞ்சிக்கிறது?" என்றேன்.

"தசையில ஒரு துண்டு எடுத்துப் பாக்கோணும். தசைதான் செல்லும்."

என் மனைவி தன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பரம்பரை எண்டா, மகளுக்கும் வருமா?" என்று மட்டும் கேட்டாள். மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

"முதல்ல தசையப் பாப்பம்," என்றார் டொக்டர்.

ஆகவே அந்தத் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் ஒருத்தியின் உயிர் மட்டுமல்ல. இதை நன்றாக விளங்கிக்கொண்டுதான் நான் அடுத்த காரியத்தைச் செய்தேன் என்பதை நினைக்க நினைக்க இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

தொடையில் சின்னதாகக் கீறி, ஒரு நடுத்தர இறாலின் வாலளவு தசை எடுத்தார்கள். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றிச் சின்னப் போத்தலில் அடைத்தார்கள். பகலுக்குள் கொழும்பு ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்படியான காரியங்களை வீட்டு ஆட்கள்தான் கொண்டுபோவது. டொக்டர் போத்தலைக் கையில் தந்து சொன்னார்:

"ஐஸுக்கு மேல வைங்க. குளிரா ஈந்தாப் போதும். ஒறைய விட்டிராதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஐஸைப் பற்றி எனக்கே பாடமா?

"டொக்டர், நான் பொறந்ததே ஐஸ் பெட்டிக்குள்ளதான்."

"அதுதான் பயமா ஈக்கு," என்றார்.

அந்த மனுஷன் வரப்போவதை முன்கூட்டியே அறிகிற ஓர் அவுலியாவாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் லொறியை ஓரம் கட்டினேன். டொக்டர் படித்தவர்தான், ஆனால் சிலாபத்து மத்தியான வெயிலில் லொறி ஓட்டியிருக்கிறாரா? போத்தலை ஐஸுக்கு மேலே வைப்பதாவது! ஐஸை நன்றாக நொறுக்கினேன், ஒரு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன், போத்தலை நடுவில் புதைத்தேன், மூடினேன். கொடுவாய் மீனுக்குக்கூடச் செய்யாத மரியாதை. பிறகு பறந்தேன். அந்த ஓட்டத்தின் உற்சாகத்தை எப்படிச் சொல்வது! இவ்வளவு காலமும் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் வாயால் மட்டும் வாழ்ந்தவனுக்கு, உலகத்திலேயே அவனுக்கு மட்டும் தெரிந்த வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஹோன் அடித்த அடியில் பாலாவிச் சந்தியில் நின்ற மாடுகள் எல்லாம் என்னை ஞாபகம் வைத்திருக்கும்.

சிலாபத்தில் தடை. முன்னேஸ்வரம் கோயில் திருவிழா. பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கி வீதி முழுக்க நடந்தார்கள். லொறி அசையவில்லை. எஞ்சின் சூடு ஏறியது, என் சூடும் ஏறியது. இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது. கை தன்பாட்டில் உப்புப் பைக்குள் போனது. இன்னொரு கை நிறைய.

ஆய்வுகூடத்தில் இருந்த டொக்டர் ஒரு பெண்மணி, சிங்களவர். நாங்கள் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். இந்த மாதிரித் தசை அழற்சிகளைப் பற்றியே பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறவர். பெட்டியைத் திறந்தார். போத்தல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. எடுத்து ஒருமுறை ஆட்டினார். உள்ளே கூழாங்கல் போலச் சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு பத்திரமாக யார் கொண்டுவந்திருப்பார்கள்!

"மாத்தயா, கொஞ்சம் வெளியில் இருங்கள்," என்றார்.

வெளியில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அவர் என்னைப் பாராட்டும்போது என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் கழித்து உள்ளே கூப்பிட்டு, நுணுக்குக்காட்டியோடு இணைத்திருந்த திரையைக் காட்டினார். திரை முழுக்க ஓட்டை. அப்பத்தின் ஓரத்தைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

"இதுதான் அவளுக்கு வந்த வருத்தமா டொக்டர்?" என்றேன் பயந்துபோய்.

"இல்லை. இது ஐஸ்." அவர் பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார். "தசைக்குள் தண்ணீர் இருக்கிறது. மெதுவாக உறைந்தால் அந்தத் தண்ணீர் பெரிய பெரிய பளிங்குகளாக வளரும். அவை..."

"நாரைக் கிழிக்கும்," என்றேன் நான். "உருகினால் தண்ணீர் விடும், சதை பஞ்சாகிவிடும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவா! இறால் கொண்டுவரும் ஒவ்வொருவனுக்கும் நான் ஓதுகிற பாடமே இதுதான். வீட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்து மெதுவாக உறையவைக்காதே, தொழிற்சாலைக்காரன் திருப்பி அனுப்புவான், ஒன்றில் நொடியில் உறையவை, இல்லாவிட்டால் உறையவே விடாதே. இறாலுக்கு நான் ஒருநாளும் உப்பு ஐஸ் போட்டதில்லை. இறாலுக்குக் கொடுத்த மரியாதையை மனைவிக்குக் கொடுக்கவில்லை.

"தெரிந்துமா இப்படிச் செய்தீர்கள்?" என்றார்.

சோதனைச் சாவடிகளைப் பற்றிச் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதிலிருந்து என்னால் ஒன்றுமே சொல்ல முடியாது. திரும்பவும் எடுக்க வேண்டும். இந்தமுறை ஆளையே கொண்டுவாருங்கள். வெட்டும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன்." பிறகு வாசல்வரை வந்து கேட்டார்: "இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா? மாணவர்களுக்கு எப்படிச் செய்யக் கூடாது என்று காட்ட, இவ்வளவு முழுமையான ஒன்று என்னிடம் இல்லை."

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியிடம் இதை எப்படிப் பகடியாகச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். சிலாபத்தில் ஒன்று தயாரித்தேன்; பாலாவிக்கு வருவதற்குள் அது செத்துவிட்டது. இன்னொன்று வீட்டு வாசலில் செத்தது.

அவள் கதிரையில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, மடியில் சுளகை வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

கத்தி நின்றது. "உப்புப் போட்டீங்களா?"

"ஓம்."

"எத்தன கை?"

"ரெண்டு."

"அப்ப கருவாடாவது மிஞ்சினிச்சா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் உரிக்கிற ஆளிடம் அதற்குக் காரணம் கேட்க ஏலாது. பிறகு, "மத்தக் கால் ஈக்கு," என்றாள். திரும்பவும் உரிக்கத் தொடங்கினாள்.

அந்த வாரத்திலேயே தண்ணீர் குடிக்கும்போது புரையேறி மூக்கால் வந்தது. விழுங்குவதும் தசையின் வேலைதான் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். இனிக் காத்திருக்கக் காலம் இல்லை.

லொறியின் முன் சீட்டில் அவளை ஏற்றுவதே ஒரு கூத்து. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படியாக வைத்தேன், மகள் உள்ளிருந்து கையைப் பிடித்து இழுத்தாள், நான் கீழிருந்து தோள் கொடுத்தேன்.

"மூட்டையா ஏத்துறீங்க?" என்றாள்.

"மூட்டையெண்டா பின்னாலதான் ஏத்துவன். நீ முன் சீட்."

"பின்னால ஏறினா ஒறைய வச்சிருவீங்க."

வழிநெடுக இதே கதைதான். அவள் குத்தக் குத்த எனக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. அவளுடைய நாக்குத் தசையில் ஒரு வருத்தமும் இல்லை என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் கண்டதை என் தொழிலில் உள்ள ஒவ்வொருவனும் வாழ்க்கையில் ஒருமுறை காண வேண்டும். ஆய்வுகூடத்துக்கு அடுத்த கட்டடத்தில் மற்றத் தொடையிலிருந்து துண்டை எடுத்தார்கள். ஆராய்ச்சி டொக்டர் அதை ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார். உள்ளே ஒரு குடுவை. அதற்குள் திரவமாக்கிய நைதரசன். வாயிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து மேசையில் ஓடித் தரையில் விழுந்தது. அந்தக் குடுவைக்குள் இன்னொரு சின்னக் கிண்ணம். அதில் வேறொரு திரவம், அடியில் வெள்ளையாகக் கட்டத் தொடங்கும்வரை குளிர்ந்திருந்தது. துண்டை ஒரு தக்கைமேல் நிறுத்தி, இடுக்கியால் பிடித்து, உள்ளே அமிழ்த்தினார். நான் மூச்சை ஒருமுறை இழுத்து விடுவதற்குள் சிவப்புத் தசை சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்துவிட்டது.

கண்ணாடியைத் தட்டிவிட்டேன். அடக்க முடியவில்லை. "டொக்டர்! தண்ணிக்குப் பளிங்கு கட்ட நேரமே கிடைக்கவில்லை!"

அவர் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். என் வயதில் அப்படிக் குதிக்கக் கூடாது, குதித்தேன். சக்கர நாற்காலியில் இருந்த என் மனைவி, பக்கத்தில் நின்ற தாதியிடம் சிங்களத்தில் சொன்னாள்: "வெட்டினது எனக்கு. துள்ளுவது அவர்."

சில நாட்களுக்குப் பிறகு, மீன் இறக்கிவிட்டு, செதில் ஒட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். முடிவு தயாராம். கடிதத்தைத் தந்து அனுப்பியிருக்கலாம். "வாருங்கள், நீங்களே பாருங்கள்," என்று நுணுக்குக்காட்டியின் முன்னால் இருத்தினார். குனிந்தேன்.

"டொக்டர், கறுப்புக் கறுப்பாகக் கோடு தெரிகிறது!"

"அது உங்கள் கண்ணிமை. கொஞ்சம் பின்னால் வாருங்கள்."

முதலில் வருத்தம் இல்லாத ஒருவரின் தசையைக் காட்டினார். தசை நார்களைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வலையைக் காயப் போட்டிருப்பது போலத்தான். கண் கண்ணாக, எல்லாம் ஒரே அளவு, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. பிறகு கண்ணாடித் துண்டை மாற்றினார். இது என் மனைவியுடையது. ஓட்டை ஒன்றுகூட இல்லை! அதற்கே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் வலை கலைந்திருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. இடையிடையே நீலப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. சில, நாருக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போயிருந்தன.

"கருவாட்டில் ஈ மொய்த்த மாதிரி," என்றேன்.

"அவைதான். காவல்காரர்கள். காவல் காக்க வேண்டிய தசையை அடிக்கிறார்கள்."

"அப்படியென்றால் அழற்சி! மாமாவுடைய வருத்தம் இல்லை!"

"பொறுங்கள்." அவர் விரலை உயர்த்தினார். "பரம்பரைத் தேய்வு சிலவற்றிலும் இப்படி ஈ மொய்க்கும். அதைப் பார்த்து அழற்சி என்று நினைத்து, வருடக்கணக்கில் வீணாக மருந்து கொடுத்த கதைகள் உண்டு. ஆகவே ஈயை மட்டும் நம்பக் கூடாது. வேலியைப் பார்க்க வேண்டும்."

இன்னொரு துண்டு. இதில் ஈ தெரியவில்லை. ஒவ்வொரு நாரைச் சுற்றியும் மெல்லிய பழுப்புக் கோடு. நாரைக் காக்கும் வேலி அது என்றார். பரம்பரைத் தேய்வுகள் பலவற்றில் அந்த வேலியில் ஏதாவதொரு கம்பி பிறப்பிலேயே இருக்காது. அந்தக் கம்பிக்கு உரிய சாயம் பிடிக்காது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு சாயம். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று அவர் துண்டுகளை மாற்றிக்கொண்டே போக, நான் மூச்சுவிடாமல் வேலியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். எங்கேயாவது அறுந்திருக்கிறதா? எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு மாடு புகுந்தபோதுகூட நான் வேலியை அப்படிப் பார்த்ததில்லை.

"முழுசாக இருக்கிறது டொக்டர்."

"ஓம். முழுசாக இருக்கிறது. நான் தேடிய கம்பி எல்லாம் அதனதன் இடத்தில். ஈ மொய்த்திருக்கும் விதமும் அழற்சியின் விதம்தான்." அவர் குரலிலும் துள்ளல் வந்துவிட்டது. அழற்சியிலேயே பல வகை இருப்பதை, ஈ எங்கே மொய்க்கிறது என்பதை வைத்தே வகை பிரிப்பதை, வகைக்கு வகை மருந்து வேறுபடுவதை, இன்னும் பெயரே வைக்காத வகைகள் இருக்கலாம் என்பதை எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நானும் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். ஏன் கைகால் நுனியை விட்டுவிட்டுத் தோளிலும் தொடையிலும் தொடங்குகிறது? ஏன் இவளுக்கு? ஏன் இப்போது? "தெரியாது," என்றார் மூன்றுக்கும், ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி. "அதைத்தான் தேடுகிறோம். மிச்சத் துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள உங்கள் மனைவி சம்மதிப்பாரா?"

வெளியே வந்து வாசல் மரத்தடியில் நின்று போன் எடுத்தேன்.

"மாமாட வருத்தமா?" என்றாள் சலாம்கூடச் சொல்லாமல்.

"இல்ல."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நல்லாப் பாத்தாங்களா?"

"நானே பாத்தன் புள்ள! வேலி முழுசா ஈக்கு. ஒரு கம்பி கொறையல்ல."

"என்ன வேலி? எங்க மாடு பூந்தது?"

"மாடில்ல. மருந்து ஈக்கு. ஒனக்கு மருந்து ஈக்கு. மகளுக்குப் பயமில்ல."

அந்தப் பக்கத்தில் மகளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ அழுகிற சத்தம். தாயா மகளா என்று தெரியவில்லை. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மரம் பாவம்.

மிச்சத் துண்டுக்கு அவள் சம்மதித்தாள். ஒரு நிபந்தனை: அதில் தன் பெயர் போடக் கூடாது. "நம்பர் மட்டும்தான்," என்று டொக்டர் வாக்குக் கொடுத்தார். இப்போது அந்தத் தசை கடுங்குளிர்ப் பெட்டி ஒன்றில் நம்பரோடு இருக்கிறது. என் கண்ணாடித் துண்டுக்கு மட்டும் மாணவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். டொக்டர் சொல்ல மறுத்துவிட்டார்.

மருந்து பொல்லாததுதான். முகம் பூரணை போல ஊதியது. பசி எடுத்தது, ஒரு இறாத்தல் பாண் ரொட்டியை முழுதாக முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்பாள். நித்திரை இல்லை, கோபம் மட்டும் நிறைய. முதல் மாதம் ஒன்றுமே மாறவில்லை. நான் பயந்தேன்; வேலியைச் சரியாகப் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு ஒருநாள் தண்ணீர் புரையேறாமல் இறங்கியது. இன்னொரு நாள் சுவரில் முழங்கையை ஊன்றாமல் தலைவாரினாள். அலுமாரியில் நடுத்தட்டு வரை கை போனது. மேல்தட்டு இன்னும் என் பொறுப்புத்தான். அதுவும் போய்விட்டால் எனக்கு வீட்டில் என்ன வேலை?

தொழுகையை மட்டும் கதிரையில் இருந்தே தொழுதுவந்தாள். அந்தப் பாயைச் சுருட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

ஓர் அஸர் நேரம். லொறியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். கதிரை சும்மா இருந்தது. பாய் விரிந்திருந்தது. அவள் சுஜூதில் இருந்தாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓடிப்போய்த் தூக்கவா? கூப்பிட்டாளா? கூப்பிடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன். நுணுக்குக்காட்டிக்கு முன்னால்கூட நான் அப்படி மூச்சடக்கியதில்லை. அவள் நெற்றி பாயை விட்டு எழும்பியது. உட்கார்ந்தாள். மறுபடி சுஜூது. மறுபடி எழும்பினாள். பிறகு இரண்டு கையையும் பாயில் ஊன்றி, ஒரு முழங்காலை உயர்த்தி, கொஞ்சம் ஆடி, கொஞ்சம் நின்று, அப்படியே நிமிர்ந்து நின்றாள். யாரும் தூக்கவில்லை. கதிரையைப் பிடிக்கவில்லை.

தொழுகை முடிவில் அவள் சலாம் கொடுக்கும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

"புள்ள! எழும்பிட்டியே! நான் பாத்துக்கிட்டே ஈந்தன், வாயே தொறக்கல்ல! இவ்வளவு நேரம் என்ன துஆக் கேட்ட? என்ட வாய்க்கும் சேத்துக் கேட்டியா?"

அவள் பாயை மடித்தாள்.

"அதுக்கு மருந்தில்ல."